'இருந்தால்' வேறு, 'இருந்தால்தான்' வேறு: தர்க்கக் கேள்விகளுக்கு எந்த வழி?

இந்தியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வு கிளாட். முதல் மாதிரித் தேர்வில் அதன் தர்க்கப் பகுதியில் எனக்கு 24-க்கு 14 சரி. முப்பதாவது தேர்வில் 15. இரண்டு மாத உழைப்புக்கு ஒரு மதிப்பெண் கூலி. ஆங்கிலமும் சட்டப் பகுதியும் மெல்ல ஏறிக்கொண்டிருக்க, இது மட்டும் சண்டி மாடு போல நின்ற இடத்திலேயே நின்றது. யாரைக் கேட்டாலும் ஒரு வழி சொன்னார்கள். ஒருவர் சொன்னதற்கு அடுத்தவர் சொன்னது நேர் எதிர். அவற்றை ஒவ்வொன்றாகச் சில வாரங்கள் செய்துபார்த்ததில் தேறியது இது.

முதல் தகராறு: கேள்வியை முதலில் படிப்பதா, பத்தியை முதலில் படிப்பதா? இதற்குப் பொதுவான விடை கிடையாது. எந்தத் தேர்வு என்பதைப் பொறுத்தது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான எல்சாட்டில் நான்கைந்து வரியில் ஒரு வாதம், அதன் கீழ் ஒரே ஒரு கேள்வி, ஐந்து விடைகள். அங்கே கேள்வியை முதலில் பார்ப்பதில் பொருள் இருக்கிறது. வாதத்தைப் பலவீனப்படுத்த வேண்டுமா, அதன் அனுமானத்தை, அதாவது அது சொல்லாமலே நம்பியிருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டுமா என்று தெரிந்தபிறகு படித்தால் கண் சரியான இடத்தில் நிற்கும். கிளாட் அப்படியல்ல. 2020 முதல் அது பத்தி சார்ந்த தேர்வு. நீண்ட பத்தி ஒன்று, அதன் கீழே வரிசையாகப் பல கேள்விகள். எல்லாவற்றையும் முதலில் படித்துவிட்டுப் பத்திக்குப் போனால், மூன்றாவது வரி வருவதற்குள் முதல் கேள்வி மறந்துபோகிறது. எல்சாட் புத்தகத்தில் படித்த வித்தையைக் கிளாட்டில் போட்டுப் பார்த்துத்தான் நான் சில வாரங்களைத் தொலைத்தேன். இப்போது பத்தியைத்தான் முதலில் படிக்கிறேன். ஆசிரியர் கடைசியில் எதை நம்பச் சொல்கிறார் என்று ஒரு வரியை ஓரத்தில் குறித்துக்கொண்ட பிறகே கேள்விக்கு இறங்குகிறேன்.

இரண்டாவது தகராறு: விடையை மனத்தில் உருவாக்கிக்கொண்டு தேடுவதா, தவறானவற்றைக் கழித்துக்கொண்டே வருவதா? இங்கே எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. என்னைச் சறுக்கவைத்த ஒரு கேள்வியின் சாயலில் நானே எழுதிய வாதம் இது:

'ஒரு நிறுவனம் வேலை தொடங்கும் நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தது. அடுத்த மூன்று மாதங்களில் தாமதமாக வருவோர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. ஆகவே அதுவரை ஊழியர்கள் தாமதமாக வந்ததற்குக் காரணம் போக்குவரத்து நெரிசலே.'

இதைப் பலவீனப்படுத்துவது எது? ஒரு விடை: 'ஊழியர்களில் சிலர் அலுவலகத்துக்கு நடந்தே வருகிறார்கள்.' இன்னொன்று: 'நேரம் மாறிய அதே வாரத்தில், தாமதமாக வந்தால் சம்பளத்தில் பிடித்தம் என்ற விதியும் வந்தது.' கழித்துக்கொண்டே வந்த நான் முதலாவதில் விழுந்தேன். நடந்து வருபவருக்கு நெரிசல் ஏது என்று தோன்றியது. போதாததற்கு அதில் நெரிசலோடு உரசுகிற ஒரு சொல்லும் இருந்தது. ஆனால் அந்தச் 'சிலர்' ஒருநாளும் தாமதமாக வராதவர்களாக இருக்கலாமே! வாதத்துக்கு ஒரு கீறலும் விழாது. விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, 'எண்ணிக்கை குறைய வேறு என்ன காரணம் இருக்கலாம்?' என்று பத்து விநாடி கேட்டிருந்தால் சம்பளப் பிடித்தம் தானாகக் கண்ணில் பட்டிருக்கும்.

எனவே பலவீனப்படுத்து, வலுப்படுத்து, குறையைக் கண்டுபிடி வகைகளுக்கு முன்கூட்டியே ஊகிப்பதே மேல். 'பத்தியிலிருந்து எதை முடிவுசெய்யலாம்' என்ற வகைக்கு ஊகம் உதவாது, ஏனென்றால் முடிவுசெய்யக் கூடியவை ஆயிரம் இருக்கும். அங்கே கழித்தல்தான். அனுமானக் கேள்விக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு: விடையை எதிர்மறையாக்கிப் பாருங்கள். எதிர்மறையாக்கியதும் வாதம் சரிந்தால் அதுதான் அனுமானம். சரியாமல் நின்றால் அது வெறும் அலங்காரம்.

கழித்தலுக்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது, அது கணக்கு. கிளாட்டில் தவறான விடைக்கு 0.25 மதிப்பெண் பிடிப்பார்கள் என்ற பயத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூடச் சராசரியாக 0.0625 லாபம். இரண்டைக் கழித்துவிட்டு மிச்சம் இரண்டில் ஒன்றைத் தொட்டால் 0.375. எல்சாட்டில் பிடித்தமே இல்லை. அங்கே எதையும் விடுவது பாவம்.

மூன்றாவது, அம்புக்குறிப் படம். 'இது இருந்தால் அது' என்பதை எழுத்தும் அம்புமாகச் சுருக்கி எழுதும் வழி. இதைப் பரிந்துரைக்காத புத்தகம் எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கோ அம்பு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதே குழப்பம். ஆங்கிலத்தின் 'இஃப்', 'ஒன்லி இஃப்' இரண்டும் காதில் ஒன்றுபோலவே விழுந்தன. பிறகு ஒருநாள் தமிழில் சொல்லிப் பார்த்தேன். 'சாட்சி கையெழுத்து இருந்தால் உயில் செல்லும்.' 'சாட்சி கையெழுத்து இருந்தால்தான் உயில் செல்லும்.' ஒரு 'தான்' எல்லாவற்றையும் புரட்டிவிடுகிறது! முதல் வாக்கியத்தில் கையெழுத்து ஒன்றே போதும். இரண்டாவதில் கையெழுத்து இல்லாமல் முடியாது, ஆனால் அது மட்டும் போதும் என்று யாரும் சொல்லவில்லை. வேறு ஏதாவது குறையால் உயில் செல்லாமல் போகலாம்.

'அன்லெஸ்' வந்தால் 'இல்லாவிட்டால்' போட்டுப் படிக்கிறேன். 'கட்டணம் செலுத்தாவிட்டால் மேல்முறையீடு ஏற்கப்படாது' என்பதிலிருந்து 'செலுத்தினால் ஏற்கப்படும்' என்று தாவுகிற விடை ஒன்று அநேகமாக இருக்கும், அதுவே பொறி. தேர்வுத் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதற்காக யோசிப்பதும் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று விதி இல்லை. நிபந்தனை மூன்று நான்கு அடுக்காகப் போனால் மட்டும் அம்பு வரைகிறேன், தமிழில் சொல்லிச் சரிபார்த்த பிறகு.

கடைசித் தகராறுதான் பெரியது: கடிகாரம் வைத்து நிறைய மாதிரித் தேர்வுகளா, கடிகாரம் இல்லாமல் நிதானமான மறுபார்வையா? வேகத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 2024 தேர்விலிருந்து கிளாட்டில் 120 நிமிடத்துக்கு 120 கேள்விகள். முன்பு அதே நேரத்துக்கு 150. எல்சாட்டில் 35 நிமிடத்தில் ஏறத்தாழ 25. அங்கே 2024 ஆகஸ்டில் புதிர் விளையாட்டுப் பகுதியை எடுத்துவிட்டதால், மதிப்பெண் சேரும் மூன்று பிரிவுகளில் இரண்டு இப்போது தர்க்கம்தான். வேகம் இல்லாமல் கரையேற முடியாது.

ஆனால் தவறான பழக்கத்தை வேகமாகச் செய்வதையே நான் முப்பது தேர்வுகளில் பயின்றிருக்கிறேன். விடைத்தாளைப் பார்ப்பேன், 'அட, ஆமாம்' என்பேன், அடுத்த தேர்வுக்குப் போவேன். அந்த 'அட, ஆமாம்' பொல்லாதது. புரிந்துவிட்டது போன்ற நிறைவைத் தந்துவிட்டுப் போய்விடும். இப்போது வாரத்துக்கு ஒரே ஒரு தேர்வு, கடிகாரத்தோடு. முடிந்ததும் விடையைப் பார்க்காமல், சந்தேகம் வந்த கேள்விகளை மட்டும் மறுபடி நிதானமாகச் செய்கிறேன். இரண்டாம் முறை சரியானால் என் குறை நேரம். இரண்டாம் முறையும் தவறினால் குறை புரிதலில். இந்த ஒரு பிரிப்பு அத்தனை தேர்வுகளிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

தவறியதை ஒரு நோட்டில் எழுதுகிறேன். சரியான விடை எது என்பதை எழுதுவதில்லை. நான் தொட்ட தவறான விடை எதனால் என்னை இழுத்தது என்பதை எழுதுகிறேன். மூன்று வாரத்து நோட்டைப் புரட்டினால் பாதிக்கு மேல் ஒரே வரிதான்: 'பத்தியில் இருந்த சொல் விடையிலும் இருந்தது.' நடந்து வருபவர்களின் அதே கதை.

போன மூன்று தேர்வுகளில் 18, 17, 19. இன்னும் அடங்காதது இணைத் தர்க்கம், அதாவது 'இதே அமைப்பில் உள்ள வாதம் எது' என்ற வகை. ஒரு கேள்விக்கு நான்கு வாதங்களைப் படிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு எந்த வழியும் எனக்குக் கைகொடுக்கவில்லை. வந்தால் குறியிட்டுவிட்டுத் தாண்டிப் போகிறேன், கடைசியில் நிமிடம் மிஞ்சினால் திரும்பி வருகிறேன்.