ஒரு விடியல், மூன்று இடங்கள்: நன்மங்கலமா, கிண்டியா, செம்பரம்பாக்கமா?

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைப் பறவை பார்க்கவென்றே ஒதுக்கிவிட்டீர்கள். எங்கே போவது? சென்னையில் இருப்பவருக்கு மூன்று விதமான நிலம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நன்மங்கலத்தின் வெட்டவெளியும் புதர்க்காடும், கிண்டி அடையாறு பக்கத்து மரக்காடு, செம்பரம்பாக்கம் ஏரி. மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. முடிக்கலாம். ஆனால் நல்ல பறவை நேரம் விடியலை ஒட்டிய இரண்டு மூன்று மணி நேரம்தான், அதை மூன்றாகப் பிரித்தால் எதையும் முழுதாகப் பார்த்ததாக இருக்காது. அதனால் அந்த விடியலை எந்த நிலத்துக்குக் கொடுப்பது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

செம்பரம்பாக்கத்திலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலோர் இங்கேதான் தவறான மாதத்தில் போய் ஏமாந்து திரும்புகிறார்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரி நிறைந்திருக்கிறது என்ற செய்தி வந்ததும் கரையில் கூட்டம் சேரும். ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு ஆழம் 24 அடி. அந்த அளவுக்குத் தண்ணீர் நிற்கும்போது கரையோரம் கால் ஊன்றி இரை தேடும் பறவைக்கு அங்கே வேலையே இல்லை. கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, தண்ணீருக்கு மேலே சுற்றிச் சுற்றி வரும் மீசை ஆலா, நடுவில் புள்ளி புள்ளியாக வாத்துக்கூட்டம். அவ்வளவுதான் கிடைக்கும், அதுவும் தொலைவில்.

மாசி பங்குனியில் போய்ப் பாருங்கள். நகரத்துக்குக் குடிநீர் எடுக்க எடுக்க மட்டம் இறங்கி, சேறும் ஆழமில்லாத தண்ணீரும் வெளியே வரும். நெடுங்கால் உள்ளானும் மற்ற உள்ளான் வகைகளும் அந்த விளிம்பில்தான் மேயும். நத்தை குத்தி நாரை, சங்குவளை நாரை எல்லாம் நடந்தே வேட்டையாடுகிறவை, அவற்றுக்கும் முழங்கால் அளவு தண்ணீர் போதும். வலசை வந்த ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வடக்கே கிளம்பும் முன் நன்றாகத் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளும் காலமும் அதுதான். ஆக, செம்பரம்பாக்கத்துக்குப் போகலாமா என்பதை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்வதைவிட, செய்திகளில் வரும் ஏரிகளின் நீர்மட்டத்தைப் பார்த்து முடிவு செய்வது நல்லது. மட்டம் முழு ஆழத்தை ஒட்டி நின்றால் வேறு இடம் பாருங்கள். நன்றாக இறங்கியிருந்தால் தயங்காமல் கிளம்புங்கள்.

இன்னொரு விஷயம் வெளிச்சம். இந்தப் பக்கத்து நிலம் கிழக்கே சரிவதால் நம் ஏரிகளில் தண்ணீரைத் தேக்கும் கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான். செம்பரம்பாக்கமும் அப்படியே. காலையில் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தால் சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கும், வாத்தின் இறக்கை நிறம்கூடத் தெளிவாகத் தெரியும். மாலையில் போனால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். நல்ல வேளையாக, நீர்ப்பறவைகள் ஏழு மணிக்கு இருந்த இடத்தில் பத்து மணிக்கும் இருக்கும். விடியலையே கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் ஏரிக்கு இல்லை. பாதி காலை போன பிறகு வந்தாலும் அது ஏமாற்றாது. இது பெரிய சலுகை.

தண்ணீர்ப் பறவைதான் வேண்டும் என்றால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் போதாதா என்று கேட்கலாம். எண்ணிக்கையிலும் வகையிலும் சதுப்பு நிலம் ஏரியை எளிதாக முந்தும். தண்ணீர் ஆழமில்லாமல் பரந்து நிற்பதால், ஏரியில் மாசி வரை காத்திருந்து பார்ப்பதை இங்கே முன்பே பார்த்துவிடலாம். நீலத் தாழைக்கோழி, இலைக்கோழி, சில ஆண்டுகளில் பூநாரைக் கூட்டம்கூட. 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஆனால் சாலையோரம் நின்றுதான் பெரும்பாலும் பார்க்க முடிகிறது, காதுக்குள் லாரி ஹாரன், பக்கத்தில் பெருங்குடிக் குப்பைமேடு. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வரலாம். நாள் முழுக்க இருக்க மனம் ஒப்பாது.

கிண்டி வேறு வகை. தேசியப் பூங்காவின் காடு சுமார் 270 ஹெக்டேர், நகரத்தின் நடுவில் மிஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காடு. உள்காட்டுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. சிறுவர் பூங்காவுக்குச் சீட்டு வாங்கிப் போகலாம், ஆனால் அதன் வாசல் திறப்பதற்குள் வெயில் ஏறிவிடும். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்திலும் நேரக் கட்டுப்பாடு உண்டு. இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது பெரிய குறையாகத் தோன்றவில்லை. மரக்காட்டுக்குள் வெளிச்சம் இறங்கவே நேரமாகும், பூச்சி பறக்கத் தொடங்கிய பிறகுதான் ஈப்பிடிப்பான்களும் சுறுசுறுப்பாகும். ஒன்பது மணிக்குமேல்கூட அரசவால் ஈப்பிடிப்பான் கண் முன்னால் வந்து போகும். கீழே சருகைக் கிளறுவது செந்தலைப் பூங்குருவியாக இருக்கலாம், நிழலில் நடை பழகுவது கொடிக்கால் வாலாட்டியாக இருக்கலாம். குளிர்காலம் முழுக்க ஆறுமணிக்குருவி அங்கேதான் தங்கும். காலையும் மாலையும் இருட்டும் வெளிச்சமும் சேரும் வேளையில் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும். காடு கேட்பது பொறுமையையும் காதையும். எண்ணிக்கை குறைவு, பல பறவைகளைக் குரலை வைத்தே அடையாளம் காண வேண்டும். புதிதாக வருகிறவரை முதல் நாளே இங்கே கூட்டிப்போனால் கழுத்து வலியோடு திரும்புவார். ஒரு குளிர்காலம் முழுக்க ஏரியும் சதுப்பும் சுற்றியவருக்கு இதுதான் அடுத்த வகுப்பு.

கருவி விஷயத்திலும் காடும் ஏரியும் எதிரெதிர். காட்டில் 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ. அகலம்) போதும், விரிந்த காட்சி கிடைக்கும், மங்கல் வெளிச்சத்திலும் கை கொடுக்கும். ஏரிக்கு அது பற்றாது. முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கூட வந்தால்தான் நடு ஏரியில் மிதப்பது என்ன வாத்து என்று சொல்ல முடியும்.

இனி நன்மங்கலம். மேடவாக்கம் பக்கத்தில், அடுக்குமாடிகளுக்கு நடுவே இருக்கும் காப்புக்காடு. பழைய கல்குவாரிப் பள்ளங்கள், பாறை, முட்புதர், இடையிடையே புல்வெளி. முதல் பார்வைக்கு ஒன்றுமே இல்லாத நிலம்போலத் தெரியும். விடியலில் போய் நின்றால்தான் அதன் செல்வம் புரியும். கவுதாரி முதலில் கத்தும், அப்புறம் ஆட்காட்டி, செம்போத்து, கொண்டைக்குருவிகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ளும். கம்பியில் பனங்காடை, முள்மர உச்சியில் கீச்சான், தரையோடு தரையாக வானம்பாடி. குவாரியின் செங்குத்துப் பாறையில் கொம்பன் ஆந்தை வாழ்கிறது. அதைப் பார்க்கவே பலர் வருகிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கைப்பேசியில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே இழுக்காதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். கூடு வைத்திருக்கும் காலத்தில் இந்தத் தொந்தரவு குஞ்சின் உயிருக்கே ஆபத்தாகலாம். காப்புக்காடு என்பதால் உள்ளே போக வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். விளிம்பில் நின்று பார்த்தாலே நிறையக் கிடைக்கும்.

ஆனால் இந்த நிலம் எட்டரை மணிக்குமேல் எதையும் கொடுக்காது. மரநிழல் இல்லை, பாறை சூடேறிவிடும், பறவைகள் புதருக்குள் அடங்கிவிடும், பைனாகுலரில் கானல் நெளியும். மூன்றில் விடியலையே நம்பி இருப்பது இது ஒன்றுதான். அதனால்தான் அந்த முதல் இரண்டு மணி நேரத்தை இதற்குக் கொடுங்கள் என்கிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அது இன்னும் முக்கியம். ஏரியைக் காக்கக் குடிநீர் என்ற காரணம் இருக்கிறது. கிண்டிக்குத் தேசியப் பூங்கா என்ற காவல் இருக்கிறது. புதரும் புல்லும் கலந்த வெளிக்கு, காப்புக்காட்டு எல்லையைத் தாண்டிவிட்டால், எந்தக் காவலும் இல்லை. பதிவேட்டில் அது தரிசு. மனை போட வருகிறவர் கண்ணுக்கு அது காலி இடம். தாம்பரம், வண்டலூர் சுற்றுவட்டாரத்தில் வானம்பாடி முட்டையிட்ட தரை எத்தனையோ இன்று கான்கிரீட்டுக்கு அடியில். அங்கே என்ன பறவை இருந்தது என்று எழுதி வைத்தவர் இல்லாததால், போனது என்ன என்றுகூடச் சொல்ல முடியவில்லை. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சேர்கிறவர்கள் ஏரிக்கரைக்கே படையெடுக்கிறார்கள். ஒரு பதினைந்து நிமிடம் வீட்டுக்குப் பக்கத்துப் புதர்வெளியில் நின்று பட்டியல் போட்டு, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் அது பெரிய உதவி. ஏரிக்கு ஏற்கெனவே பட்டியல் போடுகிறவர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள்.

சரி, முடிவாக என் கணக்கு இது. வண்டி இருந்தால், விடியலில் நன்மங்கலம், எட்டரைக்குக் கிளம்பி வெளிவட்டச் சாலை வழியாகக் குன்றத்தூர் பக்கம் திரும்பி, பதினோரு மணி வரை செம்பரம்பாக்கம் கரை. இது ஏரி மட்டம் இறங்கியிருந்தால் மட்டும். நிறைந்திருந்தால் ஏரியை விட்டுவிட்டுப் பள்ளிக்கரணைக்கு ஒரு மணி நேரம். வண்டி இல்லாமல் பேருந்தையும் ரயிலையும் நம்பி வருகிறவருக்குக் கிண்டிதான் வசதி, அதை இன்னொரு ஞாயிற்றுக்குத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளோ வயதான பெற்றோரோ கூட வந்தால் இந்த மூன்றையும் விட்டுவிட்டு வேடந்தாங்கலுக்கு ஓட்டுங்கள். தொலைவுதான், ஆனால் கூடும் குஞ்சும் கண்ணெதிரே தெரியும், உட்கார்ந்து பார்க்க இடமும் உண்டு.