ஒரே வீடு, நான்கு பள்ளிக்கூடங்கள்

2024 ஏப்ரல் மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். மகளை ஒன்றாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது?

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தெருக்கோடியில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. அப்பா படித்தது அங்கேதான், நான் படித்ததும் அங்கேதான். அதே தெருவின் இன்னொரு முனையில் காலை எட்டு மணிக்கு மூன்று மெட்ரிக் பள்ளி வேன்களும் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளி வேனும் வந்து நிற்கும். மனைவிக்கு வேன் பள்ளி மேல் விருப்பம். எனக்குத் தெருக்கோடிப் பள்ளி மேல். "உங்க காலத்துப் பள்ளிக்கூடம் வேற, இப்ப இருக்கறது வேறங்க" என்றாள் அவள். உண்மைதான். அதனால் தாத்தா படித்ததிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடங்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

கணக்கும் எழுத்தும்

தாத்தா 1925-ல் பிறந்தவர். படித்தது திண்ணைப் பள்ளிக்கூடம். வாத்தியார் வீட்டுத் திண்ணையே வகுப்பறை. வயது வாரியாக வகுப்பு கிடையாது. மூத்த பையன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்கு முறை சொல்லிக் கொடுப்பான். மணலில் விரலால் எழுதிப் பழகிய பிறகுதான் சிலேட்டு. ஆத்திசூடி, கொன்றை வேந்தன், உலகநீதி எல்லாம் மனப்பாடம். வாத்தியாருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்றும் இல்லை. அறுவடைக்கு நெல், பண்டிகைக்கு ஏதாவது கையில்.

அந்தப் பள்ளியில் எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது எண்சுவடி. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று பின்னங்களுக்கே தனித்தனி வாய்ப்பாடு. முந்திரி என்றால் 320-ல் ஒன்று. ஒன்பது வயதுப் பையன் இதை ஒப்பிப்பான். வெறும் மனப்பாடம் என்று நானும் நினைத்திருந்தேன். தாத்தா ஒருநாள் விளக்கியபோதுதான் பிடிபட்டது. எங்கள் தஞ்சைப் பக்கத்து நில அளவில் ஒரு வேலிக்கு 20 மா. பின்னத்திலும் மா என்றால் இருபதில் ஒன்று. ரூபாய்க்கு 16 அணா. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. திண்ணையில் கற்ற சொல்லும் களத்துமேட்டில் பேசிய சொல்லும் ஒன்றாகவே இருந்தன. கணக்கை வாழ்க்கையோடு இணைக்கத் தனியாக எந்த முயற்சியும் தேவைப்படவில்லை.

1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 100. அப்புறம் சில ஆண்டுகளில் வீசையும் மரக்காலும் கடையிலிருந்து விலகி, கிலோவும் லிட்டரும் வந்தன. அப்பா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது அதே 1957 ஜூனில். தாத்தா வாய்ப்பாடு சொல்லித்தர உட்கார்ந்தால், "அது எங்க பள்ளிக்கூடத்துல இல்லப்பா" என்று அப்பா எழுந்து போய்விடுவாராம். ஒரு தலைமுறையின் கணக்கு அடுத்த தலைமுறைக்கு உதவாமல் போனது எங்கள் வீட்டில் அந்த ஆண்டில்தான். இதைச் சொல்லும்போதெல்லாம் தாத்தாவின் குரல் இறங்கிவிடும்.

ஆனாலும் திண்ணைக்கு ஒரு பெரிய குறை இருந்தது. தாத்தா செய்தித்தாளைச் சத்தம் போட்டுத்தான் படிப்பார். பாட்டாகக் கேட்டுப் பழகியவருக்குப் புதிய வாக்கியம் ஒன்றைக் கண்ணால் மட்டும் படித்துப் புரிந்துகொள்வது கடைசிவரை சிரமமாகவே இருந்தது. அப்பா அப்படி இல்லை. நூலகத்திலிருந்து நாவல் எடுத்து வந்து ஒரே இரவில் முடித்துவிடுவார்.

நான் 1988-ல் சேர்ந்தபோது சிலேட்டு, பலப்பம், துடைக்கக் கோவை இலை. கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசும் வேலை நான்காம், ஐந்தாம் வகுப்புக்காரர்களுடையது. கற்பிக்கும் முறையில் அப்பா காலத்துக்கும் என் காலத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. உண்மையான மாற்றம் அதன் பிறகுதான் வந்தது. 2007-08-ல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. என் அக்கா மகன் அதில் படித்தான். தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஏணிப் படத்தில் தன் இடத்தைப் பார்த்து, உரிய அட்டையை அவனே எடுத்து வருவான். கரும்பலகை அவன் உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. "வீட்டுப்பாடமே இல்லையே, என்னதான் சொல்லித் தர்றாங்க" என்று அக்கா அலுத்துக்கொண்டாள். எனக்கோ அவன் ஆசிரியரிடம் பயமில்லாமல் கேள்வி கேட்பதைப் பார்க்கவே ஆசையாக இருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு முடியும்வரை ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

இப்போது 2022-லிருந்து எண்ணும் எழுத்தும் திட்டம். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். மெட்ரிக் பள்ளியில் நான் போய்ப் பார்த்தபோது யு.கே.ஜி. பிள்ளைகள் நான்கு கோடு நோட்டில் கூட்டெழுத்தாக ஆங்கிலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கையெழுத்து அச்சுப்போல இருந்தது. அதில் ஒரு குழந்தையிடம் எழுதியதைப் படிக்கச் சொன்னேன். எழுத்து எழுத்தாகச் சொல்லத் தெரிந்தது, சொல்லாகச் சேர்க்கத் தெரியவில்லை. ஒரு குழந்தையை வைத்து ஒரு பள்ளியையே எடைபோடக் கூடாது. ஆனால் அன்று என் மனம் ஒரு பக்கம் சாய்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

சோறு

இந்த ஒப்பீட்டில் எனக்குத் துளியும் குழப்பம் இல்லாத இடம் இதுதான்.

தாத்தா காலத்தில் பள்ளிக்கும் சோற்றுக்கும் தொடர்பு கிடையாது. சென்னையில் மட்டும் 1920-ல் தியாகராய செட்டியார் மாநகராட்சியை நடத்தியபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கினார்கள். எங்கள் பக்கத்துக்கு அது காமராசர் காலத்தில், 1956-ல் வந்த திட்டத்தோடுதான் வந்தது. அரசுப் பணத்தோடு ஊர்க்காரர்கள் கொடுத்த நெல்லும் விறகும் சேர்ந்து நடந்தது. அப்பா அதைத்தான் சாப்பிட்டார். "படிக்கப் போனேன்னு சொல்றதுக்கு வெட்கமா இருக்கு, சாப்பிடத்தான் போனேன். போனதால படிச்சேன்" என்று இன்றும் சொல்வார். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். நான் சேரும்போது அது நன்றாக வேரூன்றியிருந்தது. 1989-ல் முட்டை சேர்ந்தது, முதலில் பதினைந்து நாளைக்கு ஒன்று. முட்டை நாளில் வராதவர் ஒருவரும் இல்லை. இப்போது வாரம் ஐந்து நாளும் முட்டை. 2022 செப்டம்பர் 15-ல் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்று. எங்கள் பள்ளியில் சமைப்பவர் மகளிர் குழுவைச் சேர்ந்தவர், அவருடைய பையனும் அங்கேதான் படிக்கிறான். தன் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அவர் உப்பு போடுகிறார்.

வேன் பள்ளியில் என்ன நடக்கிறது? ஏழரைக்குப் பாதி இட்லியை விழுங்கிவிட்டு ஓட்டம். மதியம் டப்பாவில் ஆறிப்போன சோறு. இவர் கொண்டுவருவது அவர் கொண்டுவருவதைவிட உயர்வா தாழ்வா என்ற பார்வை வேறு. கட்டணம் வாங்கும் பள்ளிகள் சூடான சாப்பாட்டைப் பற்றி ஏன் நினைத்துப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

பிரம்பும் தேர்வும்

அடியைப் பற்றி அதிகம் எழுதப் பிடிக்கவில்லை. தாத்தாவுக்குக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம், அப்பாவுக்கும் எனக்கும் பிரம்பு. "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு உரிச்சு எடுங்க" என்று பெற்றோரே சொல்லிச் சேர்த்த காலம். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடை செய்தது. அடி வாங்கித்தான் நாம் உருப்பட்டோம் என்று சொல்பவர்கள் அடிக்குப் பயந்து ஐந்தாம் வகுப்போடு நின்றவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. என் வகுப்பில் அப்படி நின்றவர்கள் இரண்டு பேர்.

தேர்வு வேறு விதத்தில் வளர்ந்தது. அப்பா எழுதியது பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. 1978-ல்தான் பிளஸ் டூ வந்தது. நான் எழுதிய காலத்தில் முடிவு வரும் நாளில் மாநில முதலிடம் பெற்றவர்களின் படங்கள் முதல் பக்கத்தை நிறைக்கும். அந்தப் படத்துக்காகவே ஊரைவிட்டு ஊர் தள்ளி விடுதிப் பள்ளிகள் முளைத்தன. என் சித்தப்பா மகனை அப்படி ஒன்றில் சேர்த்தார்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பையே நடத்தினார்கள். 1,100-க்கு மேல் மதிப்பெண் எடுத்தான். பொறியியல் முதல் பருவத்தில் கணிதத்தில் தோற்றான். அடிப்படை அவனுக்குச் சொல்லித் தரப்படவே இல்லை. 2017-ல் அரசு தரவரிசை வெளியிடுவதை நிறுத்தியது. 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது, 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கியது. தரவரிசையை நிறுத்தியதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

பக்கத்தில் யார்?

இதற்காகத்தான் இவ்வளவு நேரம் எழுதினேன்.

தாத்தா திண்ணைப் பள்ளியைப் பற்றி நூறு கதை சொல்லியிருக்கிறார். அந்தக் கதைகளில் எல்லாரும் எங்கள் தெருப் பையன்கள். அவர் எண்பது வயதில் இருந்தபோதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது: "தாத்தா, காலனிப் பசங்க யாரும் வரலையா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "யாரு விட்டா?" என்றார். பெண்களும் இல்லை. பாட்டி கடைசிவரை கைநாட்டுதான். எண்சுவடியின் அழகைப் பற்றி மேலே எழுதியபோது இது என் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்பா வகுப்பில் பண்ணையார் வீட்டுப் பையனும் அவர்கள் வயலில் வேலை செய்தவரின் பையனும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். சமமாக இருந்தார்கள் என்று சொல்லமாட்டேன். வசதியான வீட்டுப் பிள்ளைகள் மதிய உணவைத் தொடாமல் வீட்டுக்குப் போய் வந்தார்கள். தண்ணீர்ப் பானை அருகே எல்லாரும் போக முடிந்ததா என்று கேட்டால் அப்பா நேராகப் பதில் சொல்வதில்லை. அத்தை அதே பள்ளியில் ஐந்து வரை படித்தாள், பெரியவளானதும் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் ஊரின் எல்லாத் தெருக்களும் ஒரு பள்ளியைத் தங்கள் பள்ளி என்று நினைத்தன. ஓடு உடைந்தால் ஊரே பேசும்.

என் காலத்திலும் அது மிச்சம் இருந்தது. கிராம நிர்வாக அலுவலர் மகனும், சலவைத் தொழிலாளி மகளும், நானும் ஒரே வரிசை. இன்று ஊருக்கு ஒரு வேலை என்றால் நான் தொலைபேசியில் கூப்பிடும் ஆட்கள் அந்த வரிசைக்காரர்கள்தான்.

இப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் ஐந்து சீருடைகளில் ஐந்து திசைக்குப் போகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு என் மகளின் பெயர் தெரியும், விளையாட நேரம் இல்லை. யார் எந்த வேனில் ஏறுகிறார்கள் என்பதை அப்பாவின் வருமானம் முடிவு செய்கிறது. வேன் ஏற முடியாதவர்கள் தெருக்கோடிப் பள்ளிக்கு. தாத்தா காலத்தில் சாதி பிரித்து வைத்த இடத்தில் இப்போது பணம் நிற்கிறது, பல ஊர்களில் இரண்டும் கைகோத்து நிற்கின்றன. ஒன்றாக உட்கார வைத்தாலே போதும் என்றும் சொல்ல முடியாது. நாங்குநேரியில் 2023-ல் சக மாணவர்களே ஒரு தலித் மாணவரை வெட்டிய கொடுமைக்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிற்றைத் தடை செய்யப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. ஒரே வகுப்பில் இருந்தும் வெட்டும் அளவுக்குப் பகை வளர்கிறது என்றால், ஒருவரை ஒருவர் பார்க்காமலே வளர்பவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

சரி, எங்கே சேர்த்தோம்?

மனைவி சொன்ன மறுப்புகளில் ஒன்றைக்கூட என்னால் தட்ட முடியவில்லை. தெருக்கோடிப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் விடுப்பு எடுத்தாலோ பயிற்சிக்குப் போனாலோ, மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறார். பாதி நாள் எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் விவரம் பதிவேற்றுவதில் போகிறது. ஆங்கிலம் பேசிப் பழக ஆள் இல்லை. வேன் பள்ளியில் வகுப்புக்கு ஒரு ஆசிரியர் உண்டு. அதற்கு ஆண்டுக்கு 42,000 ரூபாய் கேட்டார்கள், வேன் கட்டணத்தோடு.

கடைசியில் தெருக்கோடிப் பள்ளியில்தான் சேர்த்தோம், இரண்டு ஒப்பந்தங்களோடு. தினமும் மாலை ஏழு மணிக்கு நான் அவளோடு உட்கார்ந்து ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்றைப் படிக்க வேண்டும். மனைவி பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்ந்து மூன்றாவது ஆசிரியருக்கு மனு எழுத வேண்டும். இதுவரை நான்கு மனு போயிருக்கிறது. ஆசிரியர் இன்னும் வரவில்லை.

மகள் இப்போது இரண்டாம் வகுப்பு, மலர் நிலை. தமிழில் கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறாள், பேருந்தின் பின்பக்கம் எழுதியிருப்பதுவரை. ஆங்கிலத்தில் இன்னும் திணறுகிறாள். ஆறாம் வகுப்புக்கு எங்கே என்ற பேச்சை மனைவி இப்போதே எடுத்துவிட்டாள். சைக்கிள் தூரத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே ஆய்வகம் பூட்டிக் கிடக்கிறதா, பிள்ளைகள் உள்ளே போகிறார்களா என்று நேரில் பார்த்த பிறகுதான் சம்மதிப்பாளாம். வரும் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார் தலைமையாசிரியர். அப்பாவும் வருகிறேன் என்கிறார்.