விபத்து வழக்குக்குப் பெரிய நிறுவனமா, சிறிய அலுவலகமா?

கலிஃபோர்னியாவில் என் மனைவியின் காரைப் பின்னால் வந்த வண்டி மோதி, அவருக்குக் கழுத்தில் அடிபட்டபோது எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனத்திடம் நாமே பேசுவது; நெடுஞ்சாலைப் பலகைகளில் முகம் காட்டும் பெரிய சட்ட நிறுவனம்; இரண்டு வழக்கறிஞர்கள் நடத்தும் சிறிய அலுவலகம். நாங்கள் சிறிய அலுவலகத்திடம் போனோம். இன்றும் அதையே சொல்வேன்.

பம்பர் நசுங்கியதோடு போயிற்று என்றால் நாமே பேசிக்கொள்ளலாம். உடம்பில் அடி என்றால் வேண்டாம். இனி எதுவும் கேட்க மாட்டோம் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்கும் விடுவிப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்ட பிறகு ஸ்கேனில் புதிதாக எது தெரிந்தாலும், அந்தக் கணக்கை மீண்டும் திறப்பது அநேகமாக நடக்காது.

பெரிய நிறுவனம், சிறிய அலுவலகம் இரண்டிலும் முதல் சந்திப்புக்குப் பணம் இல்லை. பணம் வந்தால்தான் கட்டணம். வழக்குத் தொடுக்கும் முன் முடிந்தால் மூன்றில் ஒரு பங்கு, தொடுத்த பின் 40 சதவீதம் என்பதே பரவலான வழக்கம். ஆகவே சதவீதத்தை மட்டும் ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் ஒப்பந்தத்தின் ஒரு வரியில் இருக்கிறது: செலவுகளைக் கழிப்பது சதவீதத்துக்கு முன்பா, பின்பா? மருத்துவப் பதிவுகள், நிபுணர் அறிக்கை, நீதிமன்றக் கட்டணம் எல்லாம் செலவில் சேரும். 90,000 டாலருக்குச் சமரசம், செலவு 12,000 என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு என்றால் வழக்கறிஞருக்கு 30,000. செலவும் போக மீதி 48,000. செலவை முதலில் கழித்தால் அவருக்கு 26,000, மீதி 52,000. சதவீதம் அதேதான், நம் கைக்கு வருவதில் 4,000 டாலர் வித்தியாசம். நிபுணர்கள் கூடக்கூட இது வளரும். அந்த மீதியிலிருந்துதான் சிகிச்சைக்குப் பணம் கொடுத்த மருத்துவக் காப்பீடும், பாக்கி வைத்திருக்கும் மருத்துவமனையும் தங்கள் பங்கைக் கேட்கும். அதைப் பேசிக் குறைப்பது யார் வேலை, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, தோற்றால் செலவு யார் தலையில் விழும் என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

பெரிய நிறுவனத்தில் எங்களிடம் பேசியவர் வழக்கறிஞர் அல்லர், கேஸ் மேனேஜர். அச்சிட்ட படிவத்தில் எதையும் மாற்ற முடியாது என்றார். கலிஃபோர்னியச் சட்டமோ வேறு விதமாகச் சொல்கிறது. இத்தகைய ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். செலவுகள் கட்டணத்தையும் நம் தொகையையும் எப்படிப் பாதிக்கும் என்று அதில் இருக்க வேண்டும். மருத்துவத் தவறு வழக்குகள் நீங்கலாக, கட்டணம் சட்டம் நிர்ணயித்ததல்ல, பேசி முடிவு செய்யக்கூடியது என்ற வாசகமும் இருக்க வேண்டும். சிறிய அலுவலகத்தின் வழக்கறிஞர் அந்த வாசகத்தைத் தானே சுட்டிக்காட்டி, செலவை முதலில் கழிப்பதாகத் திருத்தி எழுதி, கையெழுத்திட்ட பிரதியையும் தந்தார். என்னைப் பொறுத்தவரை விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. அவருடைய உரிமமும் ஒழுங்கு நடவடிக்கை விவரமும் மாநில வழக்கறிஞர் மன்றத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. அதைப் பார்த்த பிறகே கையெழுத்திட்டோம்.

எங்கள் விவகாரம் நீதிமன்றம் வரை போகவில்லை. ஜூரி விசாரணைக்குப் போகும் பெரிய காயம் என்றால், நிபுணர் சாட்சிகளுக்குக் கைப்பணம் போட்டு நீண்ட காலம் காத்திருக்கப் பெரிய நிறுவனத்தின் பண பலம் உதவக்கூடும். அதை நான் அனுபவித்துப் பார்த்ததில்லை. எல்லாப் பெரிய நிறுவனங்களும் படிவத்தைத் திருத்த மறுக்கும் என்றும் சொல்ல மாட்டேன்.

யாரைத் தேர்ந்தெடுத்தாலும் தேதியைக் கேளுங்கள். கலிஃபோர்னியாவில் உடற்காய வழக்குக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுகள் அவகாசம். மோதியது நகராட்சி வண்டியோ அரசுப் பஸ்ஸோ என்றால், முதலில் அந்த அமைப்பிடம் ஆறு மாதத்துக்குள் கோரிக்கை மனு கொடுத்தாக வேண்டும்.