புதுப் பெட்டியில் பழைய இன்செர்ட்: நான் ஏமாந்த கதை

316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் (எஸ்.எஸ்.) புஷ், அதாவது உருளை உறை, லேத்தில் கடையும் வேலை. கைவசம் இருந்த சி.என்.எம்.ஜி. 120408 இன்செர்ட் (கடைசல் கருவியில் மாட்டும் கார்பைடு வெட்டுத் துண்டு) தீர்ந்துபோனதால், அவசரத்துக்குப் புது ஆளிடம் ஒரு பெட்டி வாங்கினேன். பத்து இன்செர்ட், எஸ்.எஸ்.ஸுக்கான மஞ்சள் 'எம்' லேபிள், பளபளவென்று தங்க நிறப் பூச்சு. விலை கொஞ்சம் அதிகமாகவே மலிவு. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

வழக்கமாக ஒரு முனை நாற்பது புஷ் தாங்கும். இது பன்னிரண்டாவதிலேயே கீச்சிட்டது. இன்செர்ட்டின் விளிம்பில், வெட்டு ஆழம் முடிகிற இடத்தில் பெரிய பள்ளம். எஸ்.எஸ். என்றால் பள்ளம் விழத்தான் செய்யும், வெட்டின பரப்பே இறுகிப்போகிற உலோகம் அது. தப்பு என்னுடையதுதான் என்று ஸ்பீடைக் குறைத்தேன், ஃபீடை (ஒரு சுற்றுக்குக் கருவி நகரும் தூரத்தை) கொஞ்சம் கூட்டினேன். ஒன்றும் மாறவில்லை. அடுத்த இன்செர்ட்டை மாட்டினால், அதே ஆஃப்செட்டில் (மெஷினில் கொடுத்த கருவி அளவில்) புஷ்ஷின் விட்டம் கால் மில்லிமீட்டருக்கு மேல் பருத்து வந்தது.

அப்புறம்தான் லென்ஸை எடுத்தேன். இன்னும் மாட்டாத ஒன்றின் முனையில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு சிதைவு. சிதைவுக்குள்ளேயும் தங்க நிறம்! பூச்சுக்குப் பிறகு உடைந்திருந்தால் உள்ளே கார்பைடின் சாம்பல் நிறம் அல்லவா தெரிய வேண்டும்? மைக்ரோமீட்டரில் வைத்தேன். உள்வட்டம் (இன்செர்ட்டின் நான்கு பக்கத்தையும் உள்ளிருந்து தொடும் வட்டத்தின் விட்டம்) 12.70 மி.மீ. வர வேண்டியது, 0.08 மி.மீ. முன்னே பின்னே இருக்கலாம். மூன்று 12.52-ஐத் தாண்டவில்லை. ஆக, தேய்ந்த பழைய இன்செர்ட்டுகளில் சிலதைத் தீட்டி, சிலதை அப்படியே விட்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கோட்டிங்.

தங்க நிறத்தையே சந்தேகப்பட வேண்டாம், நல்ல கிரேடுகளிலும் டைட்டானியம் நைட்ரைடு மேல்பூச்சாக வரும். மறுகோட்டிங்கும் குற்றமில்லை. டிரில்லுக்கும் எண்ட் மில்லுக்கும் சொல்லிவிட்டே செய்கிறார்கள். ஆனால் அந்தப் பூச்சின் தடிமன் சில மைக்ரான். தேய்ந்த முனையில் போயிருப்பதோ 300 மைக்ரான் வரை. பூச்சால் அதை நிரப்ப முடியுமா? போதாக்குறைக்கு எஸ்.எஸ். முனையில் ஒட்டிப் பிய்ந்து வரும்போது, சரியாகப் பிடிக்காத பூச்சையும் கூடவே உரித்துக்கொண்டு போய்விடும்.

விற்றவரைக் கூப்பிட்டேன். "அண்ணே, கூலன்ட் சரியா அடிக்கலையோ?" என்றார். அளவைச் சொன்னதும், பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று போனை வைத்துவிட்டார். பதினான்கு புஷ் ஸ்கிராப்.

இப்போதெல்லாம் பெட்டி வந்ததும் முதலில் நாலு பக்கமும் லென்ஸ், அப்புறம் மைக்ரோமீட்டர், அதற்குப் பிறகுதான் பணம். மாட்டாத ஆறு இன்செர்ட்டைத் தூக்கிப் போடவில்லை. சந்தேகம் வருகிற பெட்டியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க டிராயரில் கிடக்கின்றன.