சதுர வாட்ச் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "அண்ணே, நீங்க கட்டுற மாதிரியே ஒரு சதுர வாட்ச் இப்ப ஆஃபர்ல வருது, வாங்கலாமா?" என்று கேட்டார். அன்றைக்கு என் வாட்ச் கண்ணாடி உடைந்து ரிப்பேர்க் கடையில் கிடந்தது, அதனால் நிதானமாகப் பதில் சொல்லும் மனநிலையில் நான் இல்லை. இப்போது வாட்ச் கைக்கு வந்துவிட்டது, எரிச்சல் இன்னும் முழுசாகப் போகவில்லை. அளவு, எடை, உள்ளே பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் மெஷின் என்பதெல்லாம் விற்கிற இடத்திலேயே போட்டிருப்பார்கள், அதற்குள் நான் போகவில்லை. எந்த கம்பெனி என்பதும் தேவையில்லை, ஏனென்றால் வெள்ளை டயல், ரோமன் எண்கள், நடுவே இரட்டைக் கோட்டில் நிமிடப் பாதை, நீல முட்கள், தோல் பட்டை என்று இந்த வகை வாட்ச்கள் பெரும்பாலும் 1917இல் பிரெஞ்சு நகை, வாட்ச் வடிவமைப்பாளர் லூயி கார்ட்டியே வரைந்த 'டேங்க்' என்ற வாட்ச் வழியில் வந்தவைதான்.

முதலில் கண்ணாடி. வட்ட வாட்ச் என்றால் எந்த ஊரிலும் இது ஒரு வேலையே இல்லை. கடைக்காரர் விட்டத்தை அளப்பார், டப்பாவைத் திறப்பார், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் அடுக்கியிருக்கும் கண்ணாடிகளில் ஒன்றை எடுத்து அழுத்திக் கொடுத்துவிடுவார். சதுரம் என்று நாம் சொல்லும் இந்தச் செவ்வகத்துக்கு நீளம் ஒத்து வர வேண்டும், அகலம் ஒத்து வர வேண்டும், மூலையின் வளைவு ஒத்து வர வேண்டும், என்னுடையதைப் போல மேல்பக்கம் லேசாகப் புடைத்த கண்ணாடி என்றால் அந்தப் புடைப்பும் ஒத்து வர வேண்டும். கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கண்ணாடியை மட்டும் தனியாக மாற்ற முடியாது, கேஸோடு, அதாவது வாட்சின் உலோகக் கூட்டோடு, சேர்த்துத்தான் மாற்றுவோம் என்றார்கள். ஒரு மூலையில் நகக்கண் அளவு சில்லு பெயர்ந்ததற்குக் கேஸையே மாற்றுவது எந்த ஊர் நியாயம்?

கடைசியில் மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சின்னக் கடையில் அது முடிந்தது. கடைக்காரர் தட்டையான மினரல் கண்ணாடியில் ஒரு துண்டு வெட்டி, பழைய கண்ணாடியை அதன்மேல் வைத்துக் கோடு போட்டு, ஈரக் கல்லில் ஒவ்வொரு ஓரமாகத் தேய்த்தார். தேய்ப்பது, துடைப்பது, கேஸில் வைத்துப் பார்ப்பது, எடுத்து மறுபடி தேய்ப்பது. மூலைகளுக்குத்தான் நேரம் எடுத்தது, கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டால் இடைவெளி விழுந்துவிடும், அப்புறம் அந்தத் துண்டு வீண். கடைசியில் பசை வைத்துப் புறஊதா விளக்கில் இறுக விட்டார். வேலை சுத்தம், கேட்ட காசும் நியாயம். ஆனால் பழைய கண்ணாடியின் புடைப்பு போய்விட்டது. முன்பெல்லாம் கையைத் திருப்பும்போது வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெதுவாக ஓடும், இப்போது மொத்தமாகப் பளிச்சென்று அடித்துவிட்டு அணைந்துவிடுகிறது. மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிகிறது, தினமும் தெரிகிறது.

இந்தக் கண்ணாடிக் கவலைக்கு வயது அதிகம், அதற்கு நம் நாட்டோடு தொடர்பும் உண்டு. 1930–31 வாக்கில் இங்கே குதிரைமேல் ஏறிப் பந்தடிக்கும் போலோ ஆடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் ஆட்டத்தில் வாட்ச் கண்ணாடி உடைவதாக சேசர் த ட்ரே என்ற வாட்ச் வியாபாரியிடம் முறையிட்டதாகவும், அதிலிருந்துதான் ஜெகர்-லெகூல்த்ர் கம்பெனியின் 'ரிவர்ஸோ' வாட்ச் பிறந்ததாகவும் சொல்வார்கள். 1931 மார்ச்சில் ரெனே-ஆல்ஃப்ரெட் ஷோவோ என்ற பொறியாளர் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கேஸைப் பக்கவாட்டில் நகர்த்திப் புரட்டினால் கண்ணாடி உள்ளே போய்விடும், வெளியே வெறும் உலோக முதுகுதான். நாம் வாங்கும் விலையில் அந்தப் பாதுகாப்பு வராது. இன்றைய கம்பெனிகள் அந்தக் காலத்து அழகை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்கள் யோசித்துக் கண்டுபிடித்த தீர்வை விட்டுவிட்டார்கள் என்பதுதான் என் கோபம்.

தண்ணீரும் இதே கதைதான். 1926இல் ரோலெக்ஸின் 'ஆய்ஸ்டர்' பின்மூடியைத் திருகி இறுக்கித் தண்ணீரைத் தடுத்தது. வட்டமான மூடியைத்தான் அப்படித் திருக முடியும். செவ்வக மூடியை நான்கு மூலையில் நான்கு ஸ்க்ரூ போட்டோ, வெறுமனே அழுத்தியோதான் மூட வேண்டும், நடுவில் இருக்கிற ரப்பர் எல்லா இடத்திலும் ஒரே சீராக அமுங்குவதில்லை. 30 மீட்டர் என்று முதுகில் பொறித்திருப்பதை நம்பிக் குளித்துவிடாதீர்கள், அது நாலு சொட்டு தெறித்தால் தாங்கும் என்பதற்கான குறி, அவ்வளவே.

அப்புறம் நிமிடம். மணி பார்க்க ஒரு சிக்கலும் இல்லை, நிமிடம்தான் வழுக்கும். முள் ஒரே சீராகச் சுற்றுகிறது, ஆனால் அது சுட்டும் கோடு செவ்வகமாகப் போகிறது. என் டயலில் 2க்கும் 3க்கும் நடுவே இடம் நெருக்கம், 1க்கும் 2க்கும் நடுவே மூலை திரும்பிப் போவதால் இடம் தாராளம். இரண்டும் அதே ஐந்து நிமிடம்தான். நிமிட முள்ளின் நீளத்தையோ டயலின் அகலம் தீர்மானிக்கிறது, அதனால் மூலையை நோக்கி நிற்கும்போது முள் நுனிக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு வெற்றிடம். பஸ் 9.08க்கு என்றால் நான் போனைத்தான் பார்க்கிறேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் அது அநியாயம்: கையில் கட்டினால் இதைப் போல எதுவும் உட்காருவதில்லை. வட்ட வாட்சில் கேஸ் ஒரு வடிவம், பட்டை வேறு வடிவம், இரண்டையும் நடுவில் ஒட்டவைத்த மாதிரி இருக்கும். இதில் இரண்டு பக்கச் சட்டங்களும் நேராக இறங்கி அப்படியே பட்டையின் ஓரமாகிவிடுகின்றன, எது எங்கே முடிகிறது என்று கண் நிற்பதே இல்லை. கார்ட்டியேவுக்கு இந்த யோசனையைக் கொடுத்தது முதல் உலகப் போரின் ரெனோ டாங்கியை மேலிருந்து பார்த்த தோற்றம் என்பார்கள், அந்தச் சட்டங்கள்தான் அதன் இரு பக்கச் சங்கிலிப் பாதைகள். போர் வண்டியிலிருந்து இவ்வளவு சாதுவான ஒரு பொருள் வந்திருக்கிறது என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம். முழுக்கைச் சட்டையின் கஃப் இதன்மேல் தடங்கலே இல்லாமல் இறங்கும். வேட்டி சட்டைக்கும் பொருந்தும், கல்யாண வீட்டில் மனைவி கேட்டு வாங்கிக் கட்டினால் அவர் கைக்கும் பொருந்தும். வாட்ச் பற்றி எதுவும் தெரியாதவர்கள்கூடக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறார்கள். வேறு வாட்ச் கட்டியிருக்கும்போது யாரும் அப்படிச் செய்ததில்லை.

சரி, வாங்கலாமா? வாங்க வேண்டாம் தம்பி. ஆஃபர் விலையில் கிடைக்கும் வாட்சுக்கு நாளைக்குக் கண்ணாடி கிடைக்காது, நம் ஊர் வெயிலில் வியர்வை குடித்துத் தோல் பட்டை நாற ஆரம்பிக்கும், பட்டை அகலமும் 17, 19 மில்லிமீட்டர் என்று கடையில் சட்டென்று கிடைக்காத அளவாக இருக்கக்கூடும். இல்லை, வாங்கியே தீருவேன் என்றால், பணம் கட்டும் முன் கண்ணாடி தனியாகக் கிடைக்குமா என்று அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தட்டைக் கண்ணாடி உள்ள மாடலாகப் பாருங்கள், உடைந்தாலும் வெட்டிப் போட்டுவிடலாம். அந்த மதுரைக் கடைக்கு வழி நான் சொல்கிறேன்.