மலிவு விலை வேட்டை சஃபாரி: முன்பணம் அனுப்பும் முன் படிக்கவும்

தென்னாப்பிரிக்காவுக்கு வேட்டை சஃபாரி போக வேண்டும் என்று பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் நம்மவர்கள் டெக்சாஸிலும் டொராண்டோவிலும் இருக்கிறார்கள். நான் போய்வந்த படங்களைப் பார்த்துவிட்டு, "எந்த ஏற்பாட்டாளர், எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கிறார்கள். படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. படத்தில் விழாததை இங்கே எழுதுகிறேன். வேட்டையே பாவம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பிறந்தவன் நான். ஊரில் வேட்டை என்பது எனக்குத் தாத்தா சொன்ன கதை மட்டும்தான். அமெரிக்கா வந்து, லைசன்ஸ் எடுத்து, டெக்சாஸில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகத் தொடங்கியும் வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் மனசில் இருந்தது குடு என்ற ஆப்பிரிக்க மான். திருகிக்கொண்டு மேலே போகும் கொம்பு, சாம்பல் உடம்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். முள்புதருக்குள் பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குச் சிக்காத விலங்கு அது. கென்யாவில் 1977லேயே வேட்டைக்குத் தடை. போட்ஸ்வானா 2014ல் நிறுத்திவிட்டு 2019ல் மறுபடி திறந்தது. முதல்முறை போகிறவர்களுக்கு எளிது என்றால் தென்னாப்பிரிக்காவும் நமீபியாவும்தான். தென்னாப்பிரிக்காவில் 1991ல் வந்த சட்டப்படி, முறையாக வேலி போட்ட நிலத்தில் இருக்கும் காட்டு விலங்கு நிலக்காரருடைய சொத்து. அதனால் ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு விலை. எல்லா வித்தையும் அந்த விலைப்பட்டியலுக்குள்தான் இருக்கிறது.

ஒழுங்கான ஏற்பாட்டாளர் கட்டணத்தை இரண்டாகப் பிரித்துச் சொல்வார். தங்குமிடம், சாப்பாடு, வண்டி, வழிகாட்டி எல்லாம் தினக்கட்டணத்தில் வரும். சுட்டு வீழ்த்தும் விலங்குக்குத் தனிக் கட்டணம். குடுவுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் என்பது சாதாரணம். எனக்கு ஒரு வேட்டைக் கண்காட்சியில் விற்றது பேக்கேஜ்: ஒரு குடு, ஒரு நீல வில்டிபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கும் பெரிய மான் இனம்), ஒரு இம்பாலா மான், ஒரு வார்ட்ஹாக் (காட்டுப் பன்றி), எல்லாம் சேர்த்து ஒரே தொகை. பக்கத்துக் கடைக்காரர்கள் சொன்னதில் கிட்டத்தட்டப் பாதி. பாதிப் பணத்தை முன்பணமாக உடனே கேட்டார்கள், அதுவும் ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு. "கம்பெனிக் கணக்கு மாறிக்கொண்டிருக்கிறது" என்று ஒரு விளக்கம் கிடைத்தது. அந்த ஊர் 15 சதவீத வரி தினக்கட்டணத்தின் மேல் தனியாக வரும் என்பதையும், கூட வரும் என் மனைவிக்குப் 'பார்வையாளர் கட்டணம்' உண்டு என்பதையும் பிற்பாடுதான் சொன்னார்கள். இவை சின்ன விஷயங்கள். கேட்டதும் கட்டிவிட்டேன்.

சொந்தத் துப்பாக்கியோடு போகிறவர்கள் ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் போலீஸ் அலுவலகத்தில் சாப்ஸ் 520 என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். கருப்பு மையில்தான் நிரப்ப வேண்டும், கையெழுத்தை அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். கூடவே ஏற்பாட்டாளரின் அழைப்புக் கடிதமும் வேண்டும். அந்தக் கடிதம் எனக்குப் புறப்படும் வாரத்தில்தான் வந்தது. அதில் இருந்தது வேறு பண்ணையின் பெயர். கண்காட்சியில் ஆல்பம் ஆல்பமாகக் காட்டிய பண்ணையில் வறட்சியாம். குத்தகைக்கு எடுத்த நிலத்தில் வேட்டை நடத்துவது அங்கே சகஜம், அதில் தவறில்லை. ஆனால் எந்த நிலம், எத்தனை ஹெக்டேர் என்பதை முன்பணம் வாங்கும்போதே எழுத்தில் தர வேண்டும். தர மறுத்தால் அந்த ஆளோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

லிம்போபோ மாகாணத்தில் போலக்வானே தாண்டி, முசினா பக்கம் வடக்கே போனோம். குளிர்காலம், புல் காய்ந்து, மோபானி மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கியிருந்தன. இடையிடையே பெருத்த பாவோபாப் மரங்கள். அந்த நிலத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சமையல்கார அம்மாவும் தடம் பார்க்கும் பெரியவரும் எங்களை வீட்டு மனிதர்கள் மாதிரி கவனித்துக்கொண்டார்கள். பிரச்சினை அவர்களுக்குச் சம்பளம் தருகிறவரிடம்.

வெளிநாட்டுக்காரர் வேட்டையாட, மாகாண அரசின் லைசன்ஸ் பெற்ற தொழில்முறை வேட்டையாளர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பி.எச். என்பார்கள். எங்களுக்குக் கிடைத்தவன் இருபதைத் தாண்டியிருப்பானா என்பதே சந்தேகம். லைசன்ஸைக் காட்டச் சொன்னதற்கு "ஆபீஸில் இருக்கிறது" என்றான். முதல் காலையே தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்றால் இரண்டு பக்கமும் உயரமான வேலி கண்ணுக்குத் தெரிந்தது. மதியம் ஒரு இம்பாலாக் கூட்டம் வண்டியைப் பார்த்தும் ஓடாமல் நின்றது. பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "ஏங்க, அது காதைப் பாருங்க, ஓட்டை இருக்கு" என்றாள். காதுப் பட்டை கழற்றிய ஓட்டை. எங்கோ ஏலத்தில் வாங்கி, லாரியில் கொண்டுவந்து, எங்களுக்காகத் திறந்துவிட்டவை. நான் சுடவில்லை. "பேக்கேஜில் உள்ள விலங்கை நீங்கள் வேண்டாம் என்றால் பணம் திரும்பாது" என்றான் பையன். அந்த வரி மட்டும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தது.

இப்போது வில்டிபீஸ்ட். எழுத வந்ததே இதற்காகத்தான்.

ஆப்பிரிக்கா முழுக்க ஒரு விதி உண்டு: ஒரு சொட்டு ரத்தம் விழுந்தால் முழுக் கட்டணம். விலங்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். நியாயமான விதிதான், இல்லாவிட்டால் கண்டபடி சுடுவார்கள். சாயங்காலம், முக்காலிக் குச்சியில் ரைபிளை வைத்து, நான் வழக்கமாகச் சுடும் தூரத்தைவிட அதிகத் தூரம். வேண்டாம் என்றேன். "சுடுங்கள், சுடுங்கள், போய்விடும்" என்று காதோரம் அவசரப்படுத்தினான். சுட்டேன். கூட்டம் புழுதியோடு ஓடியது. "அடி விழுந்தது, சத்தம் கேட்டது" என்றான் பையன். போய்ப் பார்த்தோம். பெரியவர் மண்ணில் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்: இல்லை. பையன் அவரிடம் ஆஃப்ரிகான்ஸில் ஏதோ கடுமையாகச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் அவனே ஒரு புல்லில் கரும்புள்ளி ஒன்றைக் காட்டினான். ரத்தமாம். சுற்றிலும் முடியில்லை, எலும்புச் சிதறல் இல்லை, இரண்டாவது புள்ளியும் இல்லை. தொட்டுப் பார்த்தேன், காய்ந்து பொடியாக உதிர்ந்தது. சுட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும் சொல்லியது: தேடலை நிறுத்திவிட்டார்கள். வில்டிபீஸ்ட் லேசில் விழாத விலங்கு. உண்மையிலேயே காயம்பட்டது என்று நம்புகிறவர்கள் இருட்டும்வரை தேடுவார்கள், விடிந்ததும் நாயோடு மறுபடி வருவார்கள். அது விலங்குக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை. இவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு சாப்பிடப் போனார்கள். ராத்திரி கணக்குப் புத்தகத்தில் 'வில்டிபீஸ்ட், காயம், பேக்கேஜ் முடிந்தது' என்று ஏறிவிட்டது. இன்னொன்று வேண்டுமென்றால் தனிக் கட்டணம்.

இதற்கு ஒரே மருந்து, 'காயம்' என்பதை யார், எப்படி முடிவு செய்வது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது. ரத்தத்தைப் படம் எடுக்க வேண்டும், வேட்டைக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டும், அடுத்த நாள் முழுக்கத் தேட வேண்டும். நல்ல ஏற்பாட்டாளர்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. பின்னால் விசாரித்த ஒருவர் கேட்ட உடனேயே எழுதி அனுப்பினார். அவர் விலை பேக்கேஜைவிட அதிகம்தான்.

குடு கிடைத்தது. பெரியவர்தான் அதைக் கண்டுபிடித்தார். புதருக்குள் ஒரு காது மட்டும் அசைந்ததாம், எனக்கு அதுவும் தெரியவில்லை. ஒரே குண்டு. பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை, சரி, அதை விடுங்கள். பையன் டேப்பை எடுத்தான். பேக்கேஜில் குடு என்றால் 50 அங்குலம் வரைக்கும்தானாம், அதற்கு மேல் ஒவ்வொரு அங்குலத்துக்கும் கூடுதல் பணம். அவன் அளந்ததில் 54. கொம்பின் திருகு வரம்பை ஒட்டித்தான் அளக்க வேண்டும், துணி டேப்பை லூசாக விட்டால் இரண்டு மூன்று அங்குலம் சும்மா ஏறும். நான் கொண்டுபோயிருந்த மெல்லிய எஃகுக் கம்பியை வரம்போடு அழுத்தி வைத்து அளந்தேன், 51 சொச்சம் வந்தது. வாக்குவாதம் முற்றி, கடைசியில் இரண்டு அங்குலத்துக்குக் கொடுத்தேன். என் மனைவி வீடியோ எடுக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த அளவுக்காவது இறங்கினார்கள்.

கிளம்பும் நாள் இன்னொரு பொறி. வேட்டை முடிந்ததும் வேட்டைப் பதிவேட்டில் எந்த விலங்கு, எந்தப் பண்ணை, எந்த பி.எச். என்று எழுதி நாம் கையெழுத்துப் போட வேண்டும். கொம்பும் தோலும் வெளிநாடு போக அந்தக் காகிதம் முக்கியம். என் பதிவேட்டில் பி.எச். என்று இருந்தது நான் முகம்கூடப் பார்க்காத ஒருவரின் பெயர். பெயரை மாற்றச் சொன்னேன். "கையெழுத்து இல்லையென்றால் கொம்பு ஊர் வந்து சேராது" என்றார்கள், சிரித்துக்கொண்டே. 'என்னோடு வந்தவர் இவர் அல்ல' என்று அதிலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, படம் எடுத்துக்கொண்டேன். வெற்றுப் பதிவேட்டில் கையெழுத்து கேட்பதும் உண்டு என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். போடாதீர்கள்.

அப்புறம் அனுப்பும் செலவு. இறைச்சி பண்ணைக்கு, கொம்பும் மண்டையும் தோலும் நமக்கு. அவற்றைக் கிருமிநீக்கம் செய்து பெட்டியில் கட்டி அனுப்புவதற்கு ஒரு தொகை, சரக்குக்கு ஒன்று, இந்தப் பக்கம் சுங்கத் தரகருக்கு ஒன்று. வார்ட்ஹாக் பன்றி இனம் என்பதால் அமெரிக்க விவசாயத் துறை அனுமதித்த இடத்துக்குத்தான் முதலில் போக வேண்டும், அது இன்னொரு செலவு. எல்லாம் சேர்ந்து பேக்கேஜில் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணத்தைத் தின்றுவிட்டது. பெட்டியைத் திறந்தால் குடுவின் தோளில் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. உப்பு சரியாகப் போடவில்லை என்று பாடம் செய்கிறவர் சொன்னார். கொம்பை மட்டும் பலகையில் பொருத்தித் தந்தார்.

லிம்போபோ மாகாணச் சுற்றுச்சூழல் துறைக்குப் பதிவேட்டின் படத்தோடு புகார் அனுப்பியிருக்கிறேன். ஏற்பாட்டாளர், பி.எச். இருவரின் லைசன்ஸ் எண்களையும் முன்பணம் கட்டும் முன்பே இந்தத் துறைக்கு எழுதிச் சரிபார்க்கலாம், ஒரு மின்னஞ்சல் போதும். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. யாராவது முசினா பக்கம் பாதி விலைப் பேக்கேஜுக்குப் பேசிக்கொண்டிருந்தால் ஒப்பந்தத்தை எனக்கு அனுப்புங்கள், அதே வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்கிறேன்.