மனைவியை அடித்த ஆண்களுக்கு இணையவழிக் குழு: வாட்ஸ்அப்பா, எழுத்துத் தளமா, வீடியோவா?

அடிப்பதை நிறுத்த நினைக்கும் ஆண்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் குழுவை இணையத்தில் மூன்று விதமாக நடத்தலாம். மூன்றையும் ஒரே கேள்வியால் அளக்கிறோம்: குழுவில் இல்லாத அந்த மனைவிக்கு இதனால் ஆபத்து கூடுமா, குறையுமா?

வாட்ஸ்அப்பை முதலிலேயே தள்ளிவிடலாம். செலவில்லைதான். ஆனால் நிர்வாகி கண்ணில் படாமல் இருவர் தனியே பேசிக்கொள்வதைத் தடுக்க வழியில்லை. மனைவியின் போனை வேவு பார்க்கும் வித்தையெல்லாம் அங்கேதான் கைமாறும். மறையும் செய்தி வசதியைப் போட்டால் மிரட்டலுக்கான சான்றும் சேர்ந்தே அழியும்.

எழுத்துத் தளத்தில், பயிற்சி பெற்றவர் படித்த பிறகே பதிவு வெளியாகும். "கோபத்துல கை நீண்டுடுச்சு" என்று ஒருவர் எழுதுகிறார். அந்த வாக்கியத்தில் கை இருக்கிறது, அடித்தவரைக் காணோம். யார், யாரை, எங்கே அடித்தார், பிள்ளைகள் அப்போது எங்கே இருந்தார்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். "நான் அவளை அறைந்தேன், மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்" என்று மாறி வந்தால் வெளியிடலாம். பதில்களுக்கும் இதே சல்லடைதான். "விடு மச்சான், எல்லா வீட்லயும் நடக்கிறதுதானே" என்ற ஆறுதலைப் போல இந்தக் குழுக்களைக் கெடுப்பது வேறில்லை. குறை ஒன்று: இரவு 11 மணிப் பதிவு காலைவரை காத்துக் கிடக்கும். அதனால் பதிவுகளைப் படித்து வெளியிடும் நேரமும் அவசர எண்ணும் எழுதும் பெட்டிக்கு மேலேயே இருக்கட்டும்.

வீடியோவுக்கு 8 பேர், ஆணும் பெண்ணுமாக இரண்டு வழிநடத்துநர்கள், 90 நிமிடம் போதும். முகம் பார்த்துக் கேட்பதற்குத் தனி வலு உண்டு. ஆனால் நேரில் நடக்கும் குழுவில் வீடு திரும்பும் பஸ் பயணத்திலேயே கொஞ்சம் சூடு தணியும். இங்கே லேப்டாப்பை மூடினால் கதவுக்கு அப்பால் மனைவி. கூனிக்குறுகி எழுந்தவர் அந்த அவமானத்தை அவள்மேல் கொட்டக்கூடும். வீட்டுக்கு வெளியே ஓர் அறையிலிருந்து, ஹெட்போனோடு இணையச் சொல்லுங்கள். கடைசி 15 நிமிடத்தில் கனமான பேச்சு வேண்டாம். இன்றிரவு என்ன செய்யப்போகிறேன் என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட்டே கிளம்பட்டும்.

வாரம் ஒரு வீடியோ அமர்வு, இடைநாட்களில் எழுத்துத் தளம்: எங்கள் தேர்வு இதுதான். பிரிட்டனில், துணையை அடிப்பவர்களைத் திருத்தும் திட்டங்களுக்குத் தரம் வகுக்கும் ரெஸ்பெக்ட் (Respect) அமைப்பின் அங்கீகாரம் கேட்கும் திட்டங்கள், பாதிக்கப்பட்ட துணைவிக்கும் ஆதரவுச் சேவை தந்தாக வேண்டும். இணையத்துக்கும் அது பொருந்தும். அவளோடு பேசத் தனி ஊழியர் வேண்டும். அவள் சொன்ன ஒரு வார்த்தைகூட ஆண்கள் பக்கம் கசியக் கூடாது. மிரட்டல் தெரிந்தால் ரகசியம் காக்க மாட்டோம் என்று சேரும்போதே எழுதி வாங்குங்கள். வருகைப் பதிவை மட்டும் திருந்தியதற்கான சான்றிதழாகக் கொடுத்துவிடாதீர்கள். அதை நம்பி அவள் அந்த வீட்டுக்கே திரும்பிப் போய்விடக்கூடும்.